கட்டியைக் கரைக்கும் என்று விற்கப்படும் ‘நல்ல பாக்டீரியா’ தூள்: வாங்கிப் பார்த்ததன் மதிப்புரை

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து பிரியும் சாலைகளில் இயற்கை அங்காடிகள் பெருகிவிட்டன. அவற்றுள் ஒன்றில், செக்கெண்ணெய் டின்களுக்கும் கருப்பட்டிக்கும் நடுவே, 30 பாக்கெட்டுகள் கொண்ட நல்ல பாக்டீரியா தூள் டப்பா ஒன்று 1,890 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. டப்பாவின் மீது குடல் நலம், செரிமானம், நோய் எதிர்ப்பாற்றல் என்ற வழக்கமான சொற்கள்தான் இருக்கின்றன. ஆனால் டப்பாவுடன் கையில் கொடுக்கப்படும் துண்டறிக்கை வேறு கதை சொல்கிறது: திடக்கட்டிகளுக்குள் நல்ல பாக்டீரியா புகுந்து அவற்றை உள்ளிருந்தே கரைப்பதை அமெரிக்க ஆய்வுகள் நிரூபித்துவிட்டன என்றும், மார்பகம், கருப்பை, குடல் ஆகிய இடங்களில் கட்டி உள்ளவர்கள் மூன்று மாதம் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது.

தயாரிப்பின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை. இதே தூள் நாளை வேறு பெயரில், வேறு நிற டப்பாவில் வரக்கூடும். துண்டறிக்கையின் வாசகம் மட்டும் மாறாது. ஆகவே அந்த வாசகத்தையும் டப்பாவுக்குள் உண்மையில் இருப்பதையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

இதை வாங்கியதற்குக் காரணம் காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் சித்தி. அவருக்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சைக்கு முன்பாகக் கட்டியைச் சுருக்குவதற்குப் பெங்களூருவில் கீமோ ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டார் கொடுத்த துண்டறிக்கையை என்னிடம் நீட்டி, “ஏப்பா, இதைக் குடிச்சா ஆபரேசனே வேண்டாமாமே, நிஜமா?” என்று கேட்டார். உயிரியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் குடும்பத்தில் இத்தகைய கேள்விகள் என்னிடம்தான் வந்து சேரும்.

முதலில் டப்பாவைப் பார்ப்போம். பக்கவாட்டில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், உள்ளடக்கம் அச்சிடப்பட்டிருக்கிறது: லாக்டோபேசில்லஸ் அசிடோபிலஸ், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம், பேசில்லஸ் கோயாகுலன்ஸ், சாக்கரோமைசஸ் பவுலார்டி, இவற்றுடன் ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு என்னும் நார்ச்சத்து, ஆரஞ்சு மணமூட்டி. இந்த ஐந்தில் கடைசியாக உள்ள பவுலார்டி பாக்டீரியாவே அன்று. அது ஈஸ்ட் வகையைச் சேர்ந்த பூஞ்சை. டப்பாவின் முகப்பில் ‘ஐந்து வகை நல்ல பாக்டீரியா’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது அந்த அளவிலேயே தவறு. இது வெறும் எழுத்துப் பிழையாக இருந்திருந்தால் கடந்து போயிருப்பேன். சித்தியைப் போன்ற நோயாளிக்கு இந்தப் பூஞ்சைதான் டப்பாவிலேயே கவலைக்குரிய பொருள் என்பதால் பின்னால் அதற்குத் திரும்ப வருகிறேன்.

ஒரு பாக்கெட்டில் 1,000 கோடி உயிரிகள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி நாளொன்றுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிரிகள் இருந்தால் போதும். எனவே எண்ணிக்கையில் தாராளம்தான். ஆனால் அந்த எண்ணிக்கை ‘தயாரிக்கப்பட்ட போது’ உள்ளது என்பதையும் கீழே சொல்லியிருக்கிறார்கள். காலாவதியாகும் நாள்வரை எத்தனை மிஞ்சும் என்று சொல்லவில்லை. 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்ற குறிப்பும் உண்டு. நான் வாங்கியது மே மாதத்தில். ஷட்டருக்கு அருகில், பிற்பகல் வெயில் நேராக விழும் தட்டில் அந்த டப்பாக்கள் அடுக்கப்பட்டிருந்தன. பேசில்லஸ் கோயாகுலன்ஸ் ஸ்போர் எனப்படும் உறைக்குள் ஒடுங்கி இருப்பதால் வெப்பத்தைத் தாங்கும். லாக்டோபேசில்லசும் பிஃபிடோபாக்டீரியமும் அப்படியல்ல. வெப்பத்திலும் ஈரத்திலும் அவை நாள்தோறும் செத்துக்கொண்டே வரும்.

உயிர் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். காய்ச்சி ஆறிய பாலை இரண்டு கிண்ணங்களில் எடுத்து, ஒன்றில் ஒரு கரண்டித் தயிரும் மற்றதில் ஒரு பாக்கெட் தூளும் கலந்து மூடி வைத்தேன். தயிர் ஊற்றிய பால் காலையில் கெட்டியாக உறைந்திருந்தது. தூள் கலந்த பால் காலையில் அப்படியே இருந்து, மாலையில் இலேசான புளிப்பு மணத்துடன், சாய்த்தால் ஓடும் அளவுக்குத் தளர்வாகத் திரிந்தது. இந்த வகை பாக்டீரியாக்கள் பாலில் மெதுவாகத்தான் வளரும் என்பதால் இதை வைத்துக் கணக்குப் போட முடியாது. ஏதோ உயிருடன் இருக்கிறது என்பதற்கு மட்டும் சாட்சி. சுவையில் குறையில்லை. ஆரஞ்சு மிட்டாய் போல இருக்கிறது, தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைகிறது. கட்டியைக் கரைப்பதாகச் சொல்லும் தூள் தண்ணீரிலாவது ஒழுங்காகக் கரைகிறதே என்று மகள் கிண்டல் செய்தாள்.

பல் பிடுங்கியபின் உட்கொண்ட ஆன்டிபயாட்டிக் மாத்திரையால் எனக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டபோது இதைக் குடித்தேன், வயிறு சீரானது. மாத்திரையை நிறுத்தியதாலும் சீராகியிருக்கலாம். ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைப்பதில் இத்தகைய நுண்ணுயிரிகளுக்கு ஓரளவு ஆதாரம் இருப்பது உண்மை. அந்த ஒரு பயனுக்கு இந்த விலை அதிகம்; மருந்துக்கடையில் இதே வகை நுண்ணுயிரிகள் மாத்திரைப் பட்டைகளாக இதைவிட மிகக் குறைந்த செலவில் கிடைக்கின்றன.

இனித் துண்டறிக்கைக்கு வருவோம். அதில் சொல்லப்படும் ஆராய்ச்சி பொய்யன்று என்பதுதான் இதன் சாமர்த்தியம். கட்டிக்குள் பாக்டீரியாவைச் செலுத்தும் முயற்சிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. நியூயார்க்கின் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, தோல் தொற்றால் கடும் காய்ச்சல் கண்ட ஒருவரின் கழுத்துக் கட்டி மறைந்துபோனதை மருத்துவப் பதிவில் கண்டு, 1891இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை நோயாளி ஒருவரின் கட்டிக்குள் ஊசியால் ஏற்றினார். உயிருள்ள கிருமி ஆபத்தாக இருந்ததால் பின்னர் கொல்லப்பட்ட கிருமிகளின் கலவையைப் பயன்படுத்தினார். சிலருக்குக் கட்டி சுருங்கியது, பலருக்கு இல்லை, யாருக்குச் சுருங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. கதிர்வீச்சும் பின்னர் கீமோவும் வந்தபின் அந்த முறை ஒதுங்கிப் போனது.

கட்டிக்குள் பாக்டீரியா ஏன் தங்குகிறது என்பதற்கு இன்று தெளிவான விளக்கம் உண்டு. வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதிக்கு இரத்தம் சரியாகப் போய்ச் சேராது; அங்கே பிராணவாயு குறைவு, செத்த திசு அதிகம், உடலின் காவல் அணுக்களும் அங்கே அடங்கிக் கிடக்கும். பிராணவாயு இல்லாத இடத்தில் மட்டுமே வளரும் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கீமோ மருந்தோ அந்த நடுப்பகுதியை எளிதில் எட்டாது. இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தவர்கள்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிளாஸ்ட்ரிடியம் நோவி என்ற கிருமியின் கொடிய நச்சுக்குரிய மரபணுவை நீக்கி ஒரு வகையை உருவாக்கினார்கள். 2014இல் வெளியான ஆய்வில், இயற்கையாகவே கட்டி வந்த 16 வளர்ப்பு நாய்களின் கட்டிக்குள் அதன் ஸ்போர்களை ஏற்றியபோது 6 நாய்களுக்குக் கட்டி முழுமையாகவோ கணிசமாகவோ சுருங்கியது. பிறகு மனிதர்களிடம் நடந்த முதற்கட்டச் சோதனையில் 24 பேருக்கு, ஒரே ஒரு முறை, 10,000 முதல் 30 லட்சம் வரையிலான ஸ்போர்கள் கட்டிக்குள் ஊசியால் செலுத்தப்பட்டன. சிலருக்குக் கட்டி சுருங்கியது. உயர்ந்த அளவைப் பெற்றவர்களில் சிலருக்கு இரத்தம் நச்சாகும் செப்சிசும் சதை அழுகும் வாயு கேங்கிரீனும் ஏற்பட்டன. அதனால் 10 லட்சத்தையே உச்ச அளவாக வைத்தார்கள்.

இந்த எண்களை டப்பாவின் 1,000 கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணிக்கைதான் கட்டியைக் கரைக்கும் என்றால், 10,000 ஸ்போர்களே மருந்தாகும் இடத்தில் 1,000 கோடி என்பது விஷமாக அல்லவா இருக்க வேண்டும்? அந்த 1,000 கோடியை நான் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை. காரணம், அவை குடலுக்குள் போய், பெரும்பகுதி மலத்துடன் வெளியேறும் உயிரிகள். ஆய்வில் கட்டியைத் தாக்கியது வேறு இனம், சென்ற வழி வேறு, சேர்ந்த இடமும் வேறு. நோயாளிகளுக்கு மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்துக் கட்டியின் நடுவே ஊசி இறக்கி, காய்ச்சல் ஏறுகிறதா என்று கண்காணித்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கிருமியை அடக்கவும் ஆயத்தமாக இருந்தார்கள்.

தோல்வியடைந்தவற்றைத் துண்டறிக்கை சொல்லாது. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. எலிகளிடம் அபாரமாக வேலை செய்த சால்மோனெல்லா வகை ஒன்றை வீரியம் குறைத்து, பரவிய புற்றுநோய் உள்ள 25 பேருக்கு இரத்தக்குழாய் வழியாகக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2002இல் வெளியாயின. ஒருவருக்குக்கூடக் கட்டி சுருங்கவில்லை. 3 பேரிடம் மட்டுமே கிருமி கட்டியில் தங்கியிருந்தது.

‘அமெரிக்க ஆய்வு’ என்று துண்டறிக்கை காட்டுவதற்கு மிக நெருக்கமாக வருவது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பணி. அங்கே நோய் உண்டாக்காத ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுவைத் திருத்தி, கட்டிக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டியதும் தானே வெடித்து, உள்ளே உற்பத்தி செய்து வைத்த மருந்தைக் கொட்டும்படி அமைத்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில் ஊசி போட்ட கட்டியும் ஊசி போடாத கட்டியும் சுருங்கின. சுருங்கியது எலிகளுக்கு. ஜெர்மனியில் நெடுங்காலமாகக் குடலுக்கான மருந்தாக வழங்கும் நிஸ்ல் 1917 என்ற ஈ.கோலை வகையின் மரபணுவையும் வேறு விதமாகத் திருத்தி, நோயாளிகளின் கட்டிக்குள் ஏற்றி முதற்கட்டச் சோதனை நடத்தியிருக்கிறார்கள். வாய்வழி என்று பார்த்தால், 2015இல் இதே நிஸ்ல் வகையை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளில் அது குடியேறியது. குடலின் இரத்தம் கல்லீரல் வழியாகச் செல்வதால் அது நேர்ந்தது. அங்கேயும் நோக்கம் கட்டி இருப்பதைச் சிறுநீர்ச் சோதனையில் கண்டறிவது, கரைப்பது அன்று. இந்த டப்பாவில் ஈ.கோலையும் இல்லை, கிளாஸ்ட்ரிடியமும் இல்லை, மரபணு திருத்தப்பட்ட எதுவும் இல்லை.

கிருமியைக் கொண்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிப்பதில் மருத்துவமனைகளின் அன்றாட நடைமுறையாகிவிட்டது பிசிஜி. நம்மில் பலரின் இடது தோளில் தழும்பாக இருக்கும் அதே காசநோய்த் தடுப்பூசிதான். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் மேலோட்டமாக வளரும் புற்றுநோயை நீக்கியபின், அது திரும்ப வராமலிருக்க, உயிருள்ள பிசிஜி கிருமியைச் சிறுகுழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் ஊற்றி, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் அடக்கி வைக்கச் சொல்வார்கள். வாரம் ஒருமுறையாக ஆறு வாரம். பின்னர் இடைவெளி விட்டுத் தொடரும். கனடாவில் ஆல்வரோ மொராலஸ் 9 நோயாளிகளிடம் செய்து பார்த்து 1976இல் எழுதினார், 1990இல் அமெரிக்கா அனுமதித்தது, இந்தியாவிலும் கிடைக்கிறது. அந்தச் சிகிச்சை பெற்றவர் வீட்டில் சிறுநீர் கழித்தபின் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி வைக்கச் சொல்வார்கள். அரிதாகக் கிருமி உடலில் பரவினால் காசநோய் மாத்திரை கொடுப்பார்கள். நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். நிரூபிக்கப்பட்ட ஒன்றுக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது. எங்கள் கடைக்காரரோ, “இது மருந்து இல்லைங்க சார், உணவுதான். அதனால பக்கவிளைவே கிடையாதுங்க” என்றார்.

குடல் பாக்டீரியாவுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் சிகிச்சை) பெற்ற 30 பேரில் ஒரு பிரிவினருக்குக் கிளாஸ்ட்ரிடியம் பியூட்டிரிகம் என்ற குடல் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் முற்றாமல் இருந்த காலம் அவர்களுக்கு 12.7 மாதமாகவும் மற்றவர்களுக்கு 2.5 மாதமாகவும் இருந்தது. வியக்க வைக்கும் வேறுபாடு; ஆனால் சிறிய எண்ணிக்கை, குறிப்பிட்ட ஓர் இனம், இம்யூனோதெரபியுடன் சேர்த்து. இதற்கு நேர்மாறாக, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி பெற்றவர்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வில், நார்ச்சத்தைப் போதிய அளவு உண்டு, கடையில் விற்கும் புரோபயாட்டிக் எனப்படும் நல்ல பாக்டீரியா எதையும் உட்கொள்ளாதவர்களே நன்றாக இருந்தார்கள். புரோபயாட்டிக் கொடுக்கப்பட்ட எலிகளிடம் சிகிச்சையின் பலன் குறைந்தது. நார்ச்சத்துக்காக 1,890 ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் இருக்கிறது, களி கிளறாத வீடு இந்த மாவட்டத்தில் குறைவு.

சித்தியின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்குக் கீமோ ஏற்றுவதற்காகக் கையில் பிக் லைன் என்ற மெல்லிய குழாய் போட்டிருக்கிறார்கள். அதன் முனை இதயத்தை ஒட்டிய பெரிய இரத்தக்குழாய்வரை போகிறது. ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் வெள்ளையணுவின் கவுண்ட் இறங்கிவிடும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு லாக்டோபேசில்லஸ்கூட அரிதாக இரத்தத்தில் கலந்து காய்ச்சலை உண்டாக்கியிருக்கிறது. பவுலார்டி இன்னும் மோசம்: இத்தகைய குழாய் பொருத்தப்பட்ட, எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிகளின் இரத்தத்தில் அது பூஞ்சைத் தொற்றை ஏற்படுத்திய நிகழ்வுகள் பதிவாகியிருப்பதால், அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றே ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அறிவித்துள்ளது. நோயாளி குடிக்கவே வேண்டியதில்லை. அருகில் ஒருவர் பாக்கெட்டைப் பிரித்து, கையைச் சரியாகக் கழுவாமல் குழாயைத் தொட்டாலே போதும். இந்தப் பாக்கெட்டைக் கிழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இலேசான மாவு ஒன்று புகைபோல் மேலே எழும்பி, விரலிலும் மேசையிலும் படிந்து, துடைத்தாலும் விரல் ரேகைகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டப்பாவின் படத்தைப் பெங்களூரு மருத்துவரிடம் காட்டியபோது அவர் உள்ளடக்கத்தைப் பெரிதாக்கிப் படித்துவிட்டு, “அம்மா, இதைக் குடிக்கிறது இருக்கட்டும், நீங்க இருக்கிற ரூம்லகூட யாரும் இதைப் பிரிக்க வேண்டாம்” என்றார். டப்பாவிலோ துண்டறிக்கையிலோ இந்த எச்சரிக்கை ஓரிடத்திலும் இல்லை. இந்தத் தயாரிப்பின் மீது எனக்குள்ள முதன்மையான குற்றச்சாட்டு இதுவே. பயனில்லாத பொருளை விற்பது ஒரு வகை. யாருக்குக் கட்டாயம் ஆகாதோ அவர்களைத் தேடிப் பிடித்து விற்பது வேறு வகை. கீமோவை நிறுத்திவிட்டு இதை மட்டும் குடிக்கலாமா என்று எவராவது கேட்டால் கடையில் என்ன பதில் வரும் என்பதையும் கேட்டுப் பார்த்தேன். “இரண்டும் சேர்த்து எடுக்கலாம்ங்க, முதல்ல இதை எடுத்துட்டு ஸ்கேன் பார்த்துக்கலாம்ங்க” என்றார் கடைக்காரர். ஆறு வாரம் தள்ளிப்போனால் சுருங்கக்கூடிய கட்டி நெறிகட்டிகளுக்குப் பரவக்கூடும் என்பது அவருக்குத் தெரியாது. அவரும் கம்பெனி ஆள் சொல்லிக் கொடுத்ததைத்தான் ஒப்பிக்கிறார்.

டப்பாவின் அடிப்பக்கத்தில், பேட்ச் எண்ணுக்குக் கீழே, 14 இலக்க உணவு உரிம எண்ணும் ‘மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல’ என்ற வரியும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சட்டம் கேட்பதால் அச்சிட்ட வரி அது. துண்டறிக்கையோ தமிழில், கம்பெனி பெயரோ முகவரியோ அச்சகப் பெயரோ இல்லாமல், தனித்தாளாக வருகிறது. சிக்கினால் டப்பா ஒன்றும் சொல்லவில்லை என்று தப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர மருத்துவம் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோய் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அதைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம், முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை.

வயிறு சரியில்லாத, மற்றபடி ஆரோக்கியமான ஒருவர் இதைக் குடிப்பதில் தவறில்லை, பணம்தான் அதிகம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் வீட்டுக்குள் இது வரவே கூடாது. ஏற்கெனவே வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், டப்பாவை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பின்னால் காய்ச்சல் வந்தால் எந்தக் கிருமியைத் தேட வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்து தெரியும். புகார் செய்ய விரும்புவோர் டப்பாவையும் பில்லையும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும், துண்டறிக்கையை மருந்து ஆய்வாளரிடமும் கொடுக்க வேண்டும். பில் போடாமல்தான் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். துண்டறிக்கையின் இருபக்கமும் படம் எடுத்து, பேட்ச் எண் தெரியும்படி டப்பாவின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். என் புகாரை அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது, நடவடிக்கை இன்னும் வரவில்லை.